பியானோ கார்ட்ஸ்: அட்டவணையை மனப்பாடம் செய்யாமல் எண்ணிக் கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

பியானோ கற்க ஆரம்பிக்கிற பலரும் முதலில் தேடி எடுப்பது கார்ட் (சேர்ந்து ஒரே நேரத்தில் ஒலிக்கும் சில சுரங்கள்) அட்டவணையைத்தான். பக்கம் பக்கமாகச் சின்னப் படங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு புள்ளிகள். அதைப் பார்த்துப் பார்த்து வாசிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். அட்டவணையை மூடியதும் கை நின்றுவிடும். இதில் கற்பவர் மேல் குற்றமே இல்லை, கற்கும் வழிதான் தலைகீழாக இருக்கிறது. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரம் எத்தனை கட்டை தள்ளி இருக்கிறது என்ற கணக்குதான் கார்ட். அந்தக் கணக்கு தெரிந்துவிட்டால் அட்டவணையில் இருப்பதில் பெரும்பகுதியை நீங்களே எழுதிவிடலாம்.

இந்த வழிகாட்டிக்கு இசைக் குறியீடு படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பியானோ இருந்தால் நல்லது. 61 கட்டை கொண்ட கீபோர்டும் போதும், ஆனால் மெதுவாக அழுத்தினால் மெதுவாகவும் வேகமாக அழுத்தினால் சத்தமாகவும் ஒலிக்கிற வகையாக இருக்கட்டும். படித்துக்கொண்டே போகாமல், ஒவ்வொரு படியையும் வாசித்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

படி 1: கட்டைகளை அடையாளம் காணுங்கள்

முழு அளவு பியானோவில் 88 கட்டைகள். வெள்ளை 52, கறுப்பு 36. பார்க்க மலைப்பாக இருந்தாலும், பன்னிரண்டு கட்டைகளின் ஒரே அமைப்புதான் திரும்பத் திரும்ப வருகிறது. கறுப்புக் கட்டைகளைக் கவனியுங்கள். இரண்டு சேர்ந்து ஒரு கூட்டம், மூன்று சேர்ந்து ஒரு கூட்டம், மறுபடி இரண்டு, மறுபடி மூன்று.

இரண்டு கறுப்புக் கூட்டத்துக்கு ஒட்டி இடப்பக்கம் இருக்கும் வெள்ளைக் கட்டை 'சி'. மூன்று கறுப்புக் கூட்டத்துக்கு ஒட்டி இடப்பக்கம் இருப்பது 'எஃப்'. இந்த இரண்டும் தெரிந்தால் மற்றவை தானாக வரும். வலப்பக்கமாக சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி, பிறகு மறுபடி சி.

கட்டைகளின் மேல் எழுத்து ஒட்டிக்கொள்ளாதீர்கள். ஒட்டினால் கண் எழுத்தைப் படிக்குமே தவிர கறுப்புக் கூட்டங்களைப் பார்க்காது. அதற்குப் பதிலாக, கீழிருந்து மேல் வரை, அதாவது இடமிருந்து வலமாக, எல்லா சி கட்டைகளையும் தொட்டு வாருங்கள், அப்புறம் எல்லா எஃப், அப்புறம் எல்லா ஏ. சில நாட்களில் கை யோசிக்காமல் போகும்.

கறுப்புக் கட்டைக்கு இரண்டு பெயர். ஷார்ப் என்றால் வலப்பக்கம் அடுத்த கட்டை, ஃபிளாட் என்றால் இடப்பக்கம் அடுத்த கட்டை. சி-க்கு அடுத்த கறுப்பை 'சி ஷார்ப்' என்றும் சொல்லலாம், 'டி ஃபிளாட்' என்றும் சொல்லலாம். எப்போது எந்தப் பெயர் என்பது மூன்றாவது படியில் தெளிவாகும்.

படி 2: செமிடோனை எண்ணப் பழகுங்கள்

ஒரு கட்டையிலிருந்து பக்கத்திலேயே இருக்கும் அடுத்த கட்டை வரை, அது வெள்ளையோ கறுப்போ, ஒரு செமிடோன். சி-யிலிருந்து சி ஷார்ப் ஒரு செமிடோன். ஈ-யிலிருந்து எஃப்-உம் ஒரு செமிடோன்தான், ஏனென்றால் அவற்றுக்கு நடுவில் கறுப்பு இல்லை. பி-க்கும் சி-க்கும் நடுவிலும் அப்படியே. பன்னிரண்டு செமிடோன் ஏறினால் புறப்பட்ட அதே பெயருக்கு வந்து சேர்வீர்கள். அந்தத் தூரம் ஒரு ஆக்டேவ்.

எண்ணும்போது புறப்படும் கட்டையை 'ஒன்று' என்று எண்ணக் கூடாது. அது பூஜ்ஜியம். அடுத்த கட்டைதான் ஒன்று. ஆரம்பத்தில் கார்ட் தவறிப் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதனால் முதல் சில நாள் வாய்விட்டே எண்ணுங்கள்.

இந்த எண்ணிக்கை எந்தக் கட்டையிலிருந்தும் ஏன் பொருந்துகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடு சி-க்கு மேலே உள்ள ஏ ஒரு விநாடிக்கு 440 முறை அதிர்கிறது. அதற்கு ஒரு ஆக்டேவ் மேலே உள்ள ஏ 880 முறை. அந்த இரட்டிப்பைப் பன்னிரண்டு சம விகிதப் படிகளாகப் பிரித்துத்தான் இன்றைய பியானோவைச் சுருதி சேர்க்கிறார்கள். ஒவ்வொரு செமிடோனுக்கும் அதிர்வெண் ஏறக்குறைய 5.9 சதவீதம் கூடுகிறது. எல்லாப் படியும் ஒரே அளவு என்பதால், சி-யிலிருந்து எண்ணிக் கட்டிய வடிவத்தை அப்படியே தூக்கி எஃப் ஷார்ப்பில் வைத்தாலும் அதே குணத்தோடு ஒலிக்கும். இந்த வழிகாட்டி முழுவதும் நிற்பது இந்த ஒரு உண்மையின் மேல்தான்.

படி 3: மேஜர் ஸ்கேல்

பன்னிரண்டு சுரங்களிலிருந்து ஏழைத் தேர்ந்தெடுக்கும் முறைதான் ஸ்கேல். மேஜர் ஸ்கேலின் வாய்பாடு: 2, 2, 1, 2, 2, 2, 1. சி-யில் தொடங்கி இந்த அளவில் ஏறினால் வெள்ளைக் கட்டைகள் மட்டுமே வரும். கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு இது சங்கராபரணத்தின் சுர வரிசை.

ஜி-யிலிருந்து அதே வாய்பாட்டில் ஏறிப் பாருங்கள். ஜி, ஏ, பி, சி, டி, ஈ வரை வெள்ளை. அடுத்து இரண்டு செமிடோன் வேண்டும், ஆகவே எஃப் ஷார்ப். எஃப்-இலிருந்து ஏறினால் நான்காவது இடத்தில் பி ஃபிளாட் வரும். அதை ஏன் ஏ ஷார்ப் என்று சொல்வதில்லை? எஃப், ஜி, ஏ என்று வந்த பிறகு ஏ-யை மறுபடி சொன்னால் ஒரு எழுத்து இரண்டு முறை வந்து பி விடுபட்டுப் போகும். ஸ்கேலில் ஏழு எழுத்தும் ஒவ்வொரு முறை வர வேண்டும். கறுப்புக் கட்டையின் பெயரைத் தீர்மானிப்பது இந்த விதிதான்.

விரல்களுக்கு எண் உண்டு. இரண்டு கையிலும் கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. வலது கையில் சி மேஜர் ஸ்கேல் ஏறும்போது 1, 2, 3, பிறகு கட்டைவிரலை உள்ளே நுழைத்து 1, 2, 3, 4, 5. இப்போதைக்கு சி, ஜி, எஃப் என மூன்று ஸ்கேல் போதும். பன்னிரண்டையும் முடித்துவிட்டுத்தான் கார்டுக்குப் போவேன் என்று உட்கார்ந்தால் ஆர்வம் வற்றிவிடும்.

படி 4: கார்ட் கட்டுவது

சரி, இப்போது கார்ட். அடிப்படையான கார்டுக்கு மூன்று சுரங்கள். கீழே இருப்பது ரூட், அதன் பெயரே கார்டின் பெயர்.

மேஜர் கார்டுக்குக் கணக்கு 4 + 3. ரூட்டிலிருந்து நான்கு செமிடோன், அங்கிருந்து மூன்று. சி-யில் தொடங்கினால் சி, ஈ, ஜி.

மைனர் கார்டுக்கு 3 + 4. சி-யில் தொடங்கினால் சி, ஈ ஃபிளாட், ஜி.

இரண்டையும் மாற்றி மாற்றி வாசியுங்கள். வெளியில் உள்ள இரண்டு சுரங்களும் அசையவில்லை, நடுவில் இருப்பது மட்டும் ஒரு செமிடோன் இறங்குகிறது. அந்த ஒரு கட்டையில் மொத்த நிறமும் மாறிவிடுகிறது. மேஜர் மகிழ்ச்சி, மைனர் சோகம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதை முழுதாக நம்ப வேண்டாம், மைனரில் துள்ளலான பாடல்கள் ஏராளம். உங்கள் காதுக்கு என்ன தோன்றுகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சி, ஈ, ஜி சேர்ந்தால் ஏன் இவ்வளவு இணக்கமாக இருக்கிறது? நடு சி-யின் அதிர்வெண் சுமார் 261.6, ஈ 329.6, ஜி 392. இவை கிட்டத்தட்ட 4:5:6 என்ற விகிதத்தில் அமைகின்றன. எளிய முழு எண் விகிதத்தில் இருக்கும் சுரங்கள் காதில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

இன்னும் இரண்டு வகை உண்டு: 3 + 3 டிமினிஷ்டு, 4 + 4 ஆக்மென்ட்டட். இரண்டும் நிலையற்று, எங்கோ போக வேண்டும் என்பது போல ஒலிக்கும். பெயரை மட்டும் தெரிந்துகொண்டு நகரலாம்.

வலது கையில் 1, 3, 5 விரல்களால் அழுத்துங்கள். விரல்கள் லேசாக வளைந்திருக்கட்டும், மணிக்கட்டு இறுகக் கூடாது. மூன்று சுரமும் ஒரே நொடியில், ஒரே அளவு சத்தத்தில் கேட்கிறதா என்று கவனியுங்கள். பெரும்பாலும் நடுச் சுரம் அமுங்கிப் போகும். இடது கையில் விரல் வரிசை 5, 3, 1.

பன்னிரண்டு மேஜர் கார்டையும் எண்ணிக் கட்டிப் பாருங்கள். கட்டி முடித்ததும் ஒரு ஒழுங்கு தெரியும். சி, எஃப், ஜி மூன்றும் முழு வெள்ளை. டி, ஈ, ஏ மூன்றிலும் நடுவில் மட்டும் கறுப்பு. டி ஃபிளாட், ஈ ஃபிளாட், ஏ ஃபிளாட் மூன்றும் அதற்கு நேர் எதிர், நடுவில் மட்டும் வெள்ளை. எஃப் ஷார்ப் முழுக் கறுப்பு. பி-யும் பி ஃபிளாட்டும் தனி வடிவம். பன்னிரண்டு வடிவம் என்று பயந்தது இப்போது ஆறாகச் சுருங்கிவிட்டது. எண்ணிக் கண்டுபிடித்தது என்பதால் மறக்கவும் மறக்காது.

படி 5: ஒரே ஸ்கேலின் ஏழு கார்ட்கள்

கற்பவர்கள் அவசரமாகத் தாண்டிப் போகிற இடம் இது. இங்கே சற்று நின்று நிதானியுங்கள். தனித்தனி கார்ட்கள் இசையாக மாறுவது இங்கேதான்.

சி மேஜர் ஸ்கேலில், அதாவது வெள்ளைக் கட்டைகளில் மட்டும், சி, ஈ, ஜி வைத்திருக்கும் கையை அதே வடிவத்தில் ஒவ்வொரு கட்டையாக வலப்பக்கம் நகர்த்துங்கள். டி, எஃப், ஏ. பிறகு ஈ, ஜி, பி. இப்படி ஏழு கார்ட். கை வடிவம் மாறவில்லை, ஆனால் செமிடோனை எண்ணிப் பார்த்தால் ஒரே வகையாக இருக்காது:

1 – சி மேஜர்
2 – டி மைனர்
3 – ஈ மைனர்
4 – எஃப் மேஜர்
5 – ஜி மேஜர்
6 – ஏ மைனர்
7 – பி டிமினிஷ்டு

எந்த மேஜர் ஸ்கேலை எடுத்தாலும் இதே வரிசைதான்: 1, 4, 5 மேஜர், 2, 3, 6 மைனர், 7 டிமினிஷ்டு. புத்தகங்களில் இந்த எண்களை ரோமன் எண்களாக எழுதுவார்கள், மேஜருக்குப் பெரிய எழுத்து, மைனருக்குச் சிறிய எழுத்து. கார்டைப் பெயரால் நினைப்பதைவிட எண்ணால் நினைக்கப் பழகுங்கள். பின்னால் ஸ்கேல் மாற்றும்போது இந்தப் பழக்கம்தான் கை கொடுக்கும்.

ஏழில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 1-ஆம் கார்ட் வீடு. 4-ஆம் கார்ட் வீட்டை விட்டுக் கிளம்புவது. 5-ஆம் கார்ட் வீட்டுக்குத் திரும்பச் சொல்லி இழுப்பது. சி, எஃப், ஜி என்று வாசித்து ஜி-யிலேயே நிறுத்திப் பாருங்கள். காது பொறுக்காது. சி-யை அழுத்திய பிறகுதான் மூச்சு வரும்.

அந்த இழுப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் விரல்களால் பார்த்துவிடலாம். ஜி கார்டில் ஜி, பி, டி. இதில் பி, வீட்டுச் சுரமான சி-க்கு ஒரே ஒரு செமிடோன் கீழே நின்று அதைத் தொடத் துடிக்கிறது. இந்தக் கார்டின் மேல் எஃப்-ஐயும் சேருங்கள். ஜி, பி, டி, எஃப். இதன் பெயர் ஜி செவன். பி-க்கும் எஃப்-க்கும் நடுவே சரியாக ஆறு செமிடோன், ஆக்டேவில் பாதி. இந்த இடைவெளி பதற்றமானது. பி ஒரு செமிடோன் ஏறி சி ஆகிறது, எஃப் ஒரு செமிடோன் இறங்கி ஈ ஆகிறது. சி-யும் ஈ-யும் சேர்ந்தால் சி கார்ட் வந்துவிட்டது. பி, எஃப் இரண்டை மட்டும் அழுத்தி, பிறகு சி, ஈ அழுத்திக் கேளுங்கள். மேற்கத்திய இசையில் நீங்கள் கேட்ட எத்தனையோ முடிவுகள் இந்த இரண்டு சின்ன அசைவில் அடங்கியிருப்பது தெரியும்.

படி 6: இன்வர்ஷன், கையைக் குறைவாக நகர்த்துவது

இப்போது 1, 5, 6, 4 என்ற வரிசையை எடுப்போம். சி மேஜரில் அது சி, ஜி, ஏ மைனர், எஃப். ஏராளமான பாப் பாடல்கள் இந்த நான்கின் மேல் நிற்கின்றன. ஒவ்வொரு கார்டையும் ரூட்டிலிருந்தே வாசித்தால் கை அங்கும் இங்கும் குதிக்கும், கேட்கவும் வெட்டி வெட்டி இருக்கும்.

கார்டில் உள்ள மூன்று சுரங்களை எந்த வரிசையில் அடுக்கினாலும் கார்டின் பெயர் மாறாது. சி, ஈ, ஜி என்பதை ஈ, ஜி, சி என்றும் ஜி, சி, ஈ என்றும் வாசிக்கலாம். இவைதான் இன்வர்ஷன். இதைப் பயன்படுத்தி அதே நான்கு கார்டை இப்படி வாசியுங்கள். அடைப்பில் இருப்பவை வலது கை விரல்கள்.

சி மேஜர்: சி, ஈ, ஜி (1, 3, 5)
ஜி மேஜர்: பி, டி, ஜி (1, 2, 5)
ஏ மைனர்: சி, ஈ, ஏ (1, 2, 5)
எஃப் மேஜர்: சி, எஃப், ஏ (1, 3, 5)

சி-யிலிருந்து ஜி-க்குப் போகும்போது ஜி சுரம் அப்படியே இருக்கிறது, மற்ற இரண்டும் ஒவ்வொரு வெள்ளைக் கட்டை இறங்குகின்றன. அடுத்து மூன்றும் ஒரு கட்டை ஏறுகின்றன. ஏ மைனரிலிருந்து எஃப்-க்கு ஒரே ஒரு விரல்தான் நகர வேண்டும், ஈ எஃப் ஆகிறது. கை இருந்த இடத்திலேயே இருக்கிறது. இடது கையில் ரூட் மட்டும், ஒற்றைச் சுரமாக: சி, ஜி, ஏ, எஃப். இதை வாசித்த அன்றே உங்கள் வாசிப்பு வேறு மாதிரி கேட்கும்.

பயிற்சிக்கு ஒரு முறை சொல்கிறேன். முதலில் வலது கை மட்டும், தாளம் இல்லாமல், ஒவ்வொரு மாற்றத்திலும் எந்தச் சுரம் நிற்கிறது, எது நகர்கிறது என்று சொல்லிக்கொண்டே. அப்புறம் இடது கை மட்டும். பிறகு இரண்டும் சேர்த்து. தடுமாறுகிற ஒரு மாற்றத்தை மட்டும் பிரித்தெடுத்து முன்னும் பின்னுமாக வாசியுங்கள். முதலிலிருந்து திரும்பத் திரும்ப ஆரம்பிப்பதால் தடுமாற்றம் தீராது. தினமும் இருபது நிமிடம் உட்காருவது, வார இறுதியில் ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட மேல்.

படி 7: தாளம்

சீராகத் தட்டித் தாளம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 என்று வைத்து, ஒரு கார்டுக்கு நான்கு எண்ணிக்கை கொடுங்கள். முதலில் 1-இல் அழுத்தி 4 வரை பிடித்திருங்கள். அது சீரானதும் வலது கையில் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு முறை. அடுத்து, இடது கை 1, 3-இல், வலது கை 2, 4-இல். இன்னும் ஒன்று: கார்டைப் பிரித்து, கீழ்ச் சுரம், மேல்ச் சுரம், நடுச் சுரம், மேல்ச் சுரம் என்று ஓட விடுங்கள். மெதுவான பாட்டுக்கு இது அழகாக இருக்கும். கார்ட் தவறினாலும் தாளத்தை நிறுத்தாதீர்கள். கூட வாசிப்பவர்களும் பாடுபவர்களும் தவறான சுரத்தை மன்னிப்பார்கள், நின்றுபோன தாளத்தோடு அவர்களால் பயணிக்க முடியாது.

சுரங்களை நீட்டி ஒலிக்க வைக்கும் வலப்பக்கப் பெடலைச் சேர்க்கும்போது, புதிய கார்டை அழுத்தும் அதே நேரத்தில் காலைத் தூக்கி, உடனே மறுபடி அழுத்த வேண்டும். காலை எடுக்கவே இல்லையென்றால் பழைய கார்டும் புதியதும் கலந்து கலங்கலாகக் கேட்கும்.

படி 8: வேறு ஸ்கேல்களும் மைனரும்

1, 5, 6, 4 என்ற அதே எண்களை ஜி மேஜரில் வையுங்கள்: ஜி, டி, ஈ மைனர், சி. எஃப் மேஜரில்: எஃப், சி, டி மைனர், பி ஃபிளாட். பாடுபவரின் குரலுக்கு ஏற்ப ஸ்கேலை மாற்றுவது இவ்வளவுதான். கீபோர்டில் ஸ்கேலைத் தானாக மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கும். இந்த மூன்று ஸ்கேலாவது கையில் ஏறும் வரை அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

மைனர் ஸ்கேலுக்குப் புதிதாக எதுவும் கற்க வேண்டாம். அதே வெள்ளைக் கட்டைகளை ஏ-யிலிருந்து ஏ வரை வாசித்தால் ஏ மைனர் ஸ்கேல், நடபைரவியின் சுரங்கள். இங்கே 1 ஏ மைனர், 4 டி மைனர், 5 ஈ மைனர். ஆனால் ஈ மைனரிலிருந்து ஏ மைனருக்குப் போகும்போது இழுப்பு பலவீனமாக இருக்கும். ஏனென்றால் அதிலுள்ள ஜி, ஏ-க்கு இரண்டு செமிடோன் கீழே இருக்கிறது. அந்த ஜி-யை ஜி ஷார்ப் ஆக்குங்கள். ஈ மைனர் ஈ மேஜர் ஆகிவிடும், ஐந்தாவது படியில் கேட்ட அதே இழுப்பு திரும்ப வந்துவிடும். ஸ்கேலும் ஹார்மானிக் மைனர் ஆகிறது, கீரவாணியின் சுரங்கள்.

படி 9: கார்ட் குறிகளைப் படிப்பது

பாடல் வரிகளின் மேல் எழுதியிருக்கும் குறிகளில் அடிக்கடி வருபவை சில மட்டுமே. வெறும் எழுத்து இருந்தால் மேஜர், பக்கத்தில் சிறிய 'எம்' இருந்தால் மைனர். எழுத்துக்குப் பிறகு 7 மட்டும் இருந்தால் 4 + 3 + 3. 'மேஜ் 7' என்றால் 4 + 3 + 4. மைனர் 7 என்றால் 3 + 4 + 3. 'சஸ் 4' என்றால் 5 + 2, அதாவது நடுச் சுரத்துக்குப் பதில் அதற்கு மேலே உள்ள சுரம். சாய்கோடு போட்டு இரண்டு எழுத்து இருந்தால், இடப்பக்கம் இருப்பது கார்ட், வலப்பக்கம் இருப்பது இடது கையில் வாசிக்க வேண்டிய அடிச் சுரம்.

படி 10: தெரிந்த மெட்டுக்கு நீங்களே கார்ட் போடுவது

நன்றாகத் தெரிந்த ஒரு எளிய மெட்டை எடுத்து, ஒரு விரலால் கட்டையில் தேடி வாசியுங்கள். மெட்டு எங்கே நிம்மதியாக வந்து உட்காருகிறதோ அதுதான் பெரும்பாலும் வீட்டுச் சுரம். அது சி-யில் வரும்படி மாற்றிக்கொண்டால் வேலை எளிது.

பிறகு ஒவ்வொரு நான்கு எண்ணிக்கையின் முதல் அடியிலும் மெட்டு எந்தச் சுரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அது ஈ என்றால், ஏழு கார்ட்களில் ஈ இருப்பவை சி மேஜர், ஈ மைனர், ஏ மைனர். ஏ என்றால் டி மைனர், எஃப் மேஜர், ஏ மைனர். அந்த மூன்றையும் ஒவ்வொன்றாக வைத்துப் பாடிப் பாருங்கள். மூன்றுமே பொருந்தும், ஆனால் மூன்றும் வேறு வேறு உணர்வைத் தரும். எது வேண்டும் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். குழப்பமாக இருந்தால் முதலில் 1, 4, 5 மூன்றை மட்டும் வைத்து முழுப் பாட்டையும் ஓட்டுங்கள், பிறகு சில இடங்களில் 1-க்குப் பதில் 6, 4-க்குப் பதில் 2 என்று மாற்றிப் பாருங்கள். இந்த ஜோடிகளுக்குள் இரண்டு சுரங்கள் பொதுவாக இருப்பதால் மாற்றம் உறுத்தாது. கடைசி வரி முடியும் இடத்தில் 5 செவன், பிறகு 1.

முடிவான கார்ட்களை வரிகளின் மேல் பெயராக எழுதாமல் எண்ணாக எழுதி வையுங்கள். அப்புறம் அதே தாளைப் பார்த்து ஜி-யிலும் எஃப்-இலும் வாசியுங்கள்.